விளக்கம் ஆறுதல் தரும், கதவைத் திறக்குமா? – யூத உரைமரபை முன்வைத்து

மோசேயைப் பற்றிப் பேசாத தலித் கிறித்தவ மேடை நம்ம பக்கத்தில் கிடையாது. பார்வோன் என்றால் ஊர்த்தெரு, எகிப்து என்றால் பண்ணை. செங்கடல் என்றால் மதமாற்றம், அல்லது இடஒதுக்கீடு, அல்லது கட்சி. அது பேசுகிறவரைப் பொறுத்தது. நானும் அப்படிப் பேசியிருக்கேன், கைதட்டும் வாங்கியிருக்கேன். மேடையை விட்டு இறங்கின பிறகுதான் உறுத்தும். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பி வைத்திருக்கிற ஊர்களிலும் யாத்திராகமம் வாசிக்கப்படுகிறது. சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரர்களும் அதே அதிகாரத்தைத்தான் வாசிக்கிறார்கள். அவங்க கணக்கில் அவங்களும் இஸ்ரவேலர்தான். பார்வோனாகத் தன்னை வாசித்துக்கொண்டவன் எவனும் இதுவரை என் கண்ணில் படவில்லை.

இந்தச் சங்கடத்தில்தான், இந்தப் பிரதிக்குச் சொந்தக்காரர்களான யூதர்கள் இதை எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். எபிரேயம் எனக்குத் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான் படித்தேன். நம்ம வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்ததும் ஒரு தோழர் மடக்கினார்: "வேதத்தைக் கேட்டா காதுல ஈயத்தை ஊத்துன்னு எழுதினவனோட கணக்கே இன்னும் தீரல. இதுல அடுத்தவன் வேதத்தைப் படிச்சு என்ன கிழிக்கப் போறீங்க?" நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையை அவருக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளலாம். பதிலில் பாதி அவர் பக்கமே போய் முடியும் என்பதையும் முதல்லயே சொல்லிடறேன்.

தோரா என்பது ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரையிலான ஐந்து புத்தகங்கள். யூதர்கள் இதைத் தனியாக வாசிப்பதில்லை. 1524-25இல் வெனிஸ் நகரத்தில் டேனியல் பாம்பெர்க் என்கிற கிறித்தவ அச்சகக்காரர் போட்ட பதிப்பின் மாதிரியில்தான் இன்றைக்கும் உரைப் பதிப்புகள் வருகின்றன. பக்கத்தின் நடுவில் மூலம் கொஞ்சமாக இருக்கும். அதைச் சுற்றி அரமேய மொழிபெயர்ப்பு, ஒரு பக்கம் ரஷியின் உரை, இன்னொரு பக்கம் இப்னு எஸ்ராவின் உரை. பிற்காலப் பதிப்புகளில் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொள்கிறார்கள். இவர்கள் ஒருத்தரை ஒருத்தர் மறுக்கிறார்கள். ஒரே பக்கத்தில், ஒரே சொல்லுக்கு. எது சரி என்று பக்கத்தின் அடியில் தீர்ப்பு எழுதுகிற ஆள் யாரும் கிடையாது.

நமக்கு ரொம்ப வேண்டிய ஒரு வசனத்தையே எடுத்துக்கொள்வோம். உபாகமம் 26இல், விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவரும் விவசாயி சொல்ல வேண்டிய அறிக்கை அது. தன் மூதாதை ஒரு அரமேயன் என்று தொடங்கி, எகிப்துக்குப் போனது, அடிமைப்பட்டது, கூக்குரலிட்டது, மீட்கப்பட்டது என்று போகும். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியல் துறையை நடத்திய அர்விந்த் நிர்மல், தலித் இறையியலின் வேரை விளக்க இந்த அறிக்கையைத்தான் எடுத்துக்கொண்டார். ஊரில்லாமல் அலைந்த மூதாதை, அடிமைத்தனம், கூக்குரல் என்று அத்தனையும் நம்ம கதையாக அதில் அவருக்குத் தெரிந்தது. 80களிலும் 90களிலும் நிறையப் பேருக்கு அது கண்ணைத் திறந்த வாசிப்பு. எனக்கும்தான்.

ஆனால் மூலத்தில் அந்த மூதாதையைக் குறிக்கும் 'ஓவேத்' என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன? பழைய தமிழ்ப் பைபிள் அழிவின் பக்கம் நிற்பவன் என்கிற மாதிரி மொழிபெயர்த்தது. புதியது குடியில்லாமல் திரிபவன் என்கிற பக்கம் போகிறது. 1040இல் பிரான்சின் த்ருவா ஊரில் பிறந்த ரஷி, பழைய மித்ராஷைப் பின்பற்றி வேறொன்று சொல்கிறார்: அரமேயன் நம்ம மூதாதையே இல்லை, அவன் லாபான். யாக்கோபை இருபது வருஷம் வேலை வாங்கி, கூலியை மாற்றி மாற்றி ஏமாற்றி, கடைசியில் துரத்திக்கொண்டும் வந்த மாமனார். என் தகப்பனை அழிக்கப் பார்த்தான் ஒரு அரமேயன் என்பதுதான் வாக்கியம். அரமேயன் இங்கே ஒடுக்குகிறவன்!

ஸ்பெயினிலிருந்து கிளம்பி ஊர் ஊராகத் திரிந்த இப்னு எஸ்ரா 12ஆம் நூற்றாண்டில் இதை இலக்கணத்தை வைத்து மறுக்கிறார். 'ஓவேத்' தன்வினை, அழிந்துபோகிறவன் என்றுதான் வரும், இன்னொருத்தனை அழிக்கிறவன் என்று வராது. ஆகவே அரமேயன் யாக்கோபுதான், அராமில் இருந்தபோது கையில் காசில்லாத ஏழையாக இருந்தான் என்பது அர்த்தம். ரஷியின் மகள் வயிற்றுப் பேரன் ரஷ்பாம் தாத்தாவையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்: அரமேயன் ஆபிரகாம், சொந்த மண்ணை விட்டு அலையப் போனவன். நிர்மல் எடுத்துக்கொண்ட 'அலைந்தவன்' இந்தப் பேரன் பக்கத்து வாசிப்பு. ஆக ஒரு சொல்லில் வேட்டையாடப்பட்டவன், காசில்லாதவன், மண்ணில்லாதவன் என்று மூணு பேர் நிற்கிறார்கள். நிலமும் கூலியும் விரட்டலும் தனித்தனியாகத் தெரிந்தவர்களுக்கு இதில் எதைத் தள்ளுவது என்று புரியாது. தள்ள வேண்டியதும் இல்லை.

இந்த ரஷ்பாம் ஒரு இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்: தாத்தாவோடு உட்கார்ந்து வாதாடினேன், நாளுக்கு நாள் புதிதாகத் தோன்றுகிற நேர்ப்பொருளுக்கு ஏற்ப வேறு உரைகள் எழுத வேண்டும், நேரம்தான் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார் என்று. அவர் காலத்தில் ரஷி எவ்வளவு பெரிய ஆள்! பேரன் இப்படி எழுதியதை யாரும் அழிக்கவில்லை, அச்சடித்தார்கள். நம்ம அமைப்புகளில் தலைவர் எழுதினதுக்கு மாவட்டச் செயலாளர் மறுப்பு எழுதி அது கட்சிப் பத்திரிகையில் வருமா என்று யோசித்துப் பாருங்க. சரி, அது வேற கதை.

'மித்ராஷ்' என்ற சொல்லின் வேருக்குத் தேடு, விசாரி என்று அர்த்தம். பிரதியில் சொல்லாமல் விட்ட இடத்தில் நுழைந்து விசாரிப்பது அது. ஒரு சொல் ஏன் இரண்டு தடவை வருகிறது, காயீனுக்கும் ஆபேலுக்கும் வயல்வெளியில் என்னதான் பேச்சு நடந்தது, இந்த மாதிரி. எந்தக் கேள்வியும் அற்பம் இல்லை. பாஸ்கா இரவில் வீடுகளில் வாசிக்கிற 'ஹக்காதா'வும் மேலே சொன்ன அந்த விவசாயியின் அறிக்கையைச் சொல் சொல்லாகப் பிரித்து விசாரிக்கிற மித்ராஷ்தான். அந்தக் கதையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு மிஷ்னாவில் ஒரு விதி உண்டு. இழிவிலிருந்து தொடங்க வேண்டும், புகழ்ச்சியில் முடிக்க வேண்டும். சரி, எது இழிவு? தல்மூதில் இதற்கும் இரண்டு கட்சி. நம்ம முன்னோர் அந்நிய தெய்வங்களைக் கும்பிட்டதுதான் இழிவு என்கிறார் ரவ். அடிமைகளாக இருந்ததிலிருந்து தொடங்கு என்கிறார் ஷ்முவேல். ஹக்காதாவில் ரெண்டுமே இருக்கிறது.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்னேன். அடிமையாக இருந்ததை வருஷா வருஷம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லு என்கிற விதி. நம்ம வீடுகளில் தாத்தா பறையடித்ததையும் பாட்டி மலக்கூடை சுமந்ததையும் பிள்ளைகளிடம் மறைத்தோம். மறைத்தது தப்பு என்றும் சொல்லமாட்டேன், பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை பட வேண்டியதை நினைத்து மறைத்தது. அதே சமயம், ஷ்முவேல் சொன்ன இழிவில் ஒரு நுணுக்கம் இருக்கு. அடிமையாக இருந்தது இழிவு என்றால், அது யாருடைய இழிவு? அடிமைக்கா, அடிமையாக வைத்திருந்தவனுக்கா? எகிப்தியன் வீட்டில் இப்படி இழிவிலிருந்து தொடங்கும் ஒரு இரவு இருந்ததாகத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்து வீடுகளிலும் கிடையாது.

இவ்வளவையும் அரண்மனையில் உட்கார்ந்து எழுதவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1096இல் முதல் சிலுவைப் போர்க் கூட்டம் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தது. ரஷி இளமையில் படித்த ஊர்கள் அவை. அப்போது அவர் உயிரோடு இருந்தார். 1242இல் பாரிஸில் வண்டி வண்டியாகத் தல்மூத் பிரதிகளை நெருப்பில் போட்டார்கள்; 24 வண்டி என்று கணக்கு. அச்சு வராத காலம், அத்தனையும் கையெழுத்துப் படிகள். வாசிப்பே குற்றமான காலத்தில் வாசித்தவர்கள்.

அதுக்காக நம்ம பின்நவீனத்துவத் தோழர்கள் மாதிரி இதைக் கொண்டாடிவிட்டுப் போக முடியவில்லை. தல்மூதில் ஒரு கதை, அடுப்புக் கதை, எல்லாருக்கும் பிடித்த கதை. ஒரு அடுப்பு தீட்டா இல்லையா என்று வழக்கு. ரப்பி எலியேசர் ஒருத்தர் மட்டும் ஒரு பக்கம், மற்றவர்கள் எல்லாரும் மறுபக்கம். அவர் சொன்னதும் மரம் இடம் பெயர்கிறது, வாய்க்கால் பின்னோக்கி ஓடுகிறது, வானத்திலிருந்து குரலே வந்து அவர் சொல்வதுதான் சரி என்கிறது. ரப்பி யோசுவா எழுந்து நின்று, தோரா இப்போது வானத்தில் இல்லை, பெரும்பான்மைதான் முடிவு என்று குரலையே மறுத்துவிடுகிறார். கடவுள் சிரித்தாராம், பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்று. பிரமாதம்! 'ஆசிரியன் இறந்தான்' என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கதை அங்கே நிற்கவில்லை. எலியேசர் சுத்தம் என்று தீர்த்த பொருட்களையெல்லாம் கொண்டுவந்து எரித்தார்கள், அவரை விலக்கி வைத்தார்கள். கதையின் முடிவில் அவருடைய கண்ணீர்தான் இருக்கிறது. ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு அந்த இரண்டாம் பாதிதான் முதலில் கண்ணில் படும். வானத்தை ஜெயித்த பெரும்பான்மை, கூட இருந்த ஒருத்தனை என்ன செய்தது?

இன்னும் மோசமானதும் இருக்கு. 'அம் ஹாஆரெத்ஸ்' என்று ஒரு சொல். நிலத்து மக்கள் என்று அர்த்தம், படிப்பில்லாத பாமரனைக் குறிக்கும். தல்மூதின் பெசாகீம் பகுதியில் இவர்களைப் பற்றிப் படித்தவர்கள் பேசியது தொகுக்கப்பட்டிருக்கிறது. அவனை மீனைப் போலக் கிழிக்கலாம் என்று ஒருத்தர். அவன் மகளைக் கட்டாதே என்று ஒருத்தர். அவன் முன்னால் தோராவைப் படிக்கவே கூடாது என்று இன்னொருத்தர். மிகைப்படுத்திய பேச்சு, கேலி, அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பின்னால் வந்தவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். இந்த மாதிரிச் சமாதானங்கள் நமக்குப் புதுசு இல்லை. ஆனால் அதே பக்கத்தில் ரப்பி அகிவாவின் குரலும் இருக்கிறது. நாற்பது வயது வரை எழுத்தறியாமல் இருந்தவர் என்று மரபு சொல்லும் ஆள் அவர். நான் பாமரனாக இருந்தபோது ஒரு பண்டிதன் கையில் சிக்கினால் கழுதை மாதிரிக் கடித்துவிட வேண்டும் என்றிருந்தேன் என்கிறார். நாய் மாதிரி என்று சொல்லக் கூடாதா என்று சீடர்கள் கேட்க, நாய் கடித்தால் எலும்பு உடையாது, கழுதை கடித்தால் உடையும் என்று பதில். மரபின் பெரிய ஆசானாக ஆன பிறகும் அந்தக் கோபத்தை அவர் மறைக்கவில்லை. பாமரன் அகிவா ஆகலாம், பிறப்பு தடுக்கவில்லை. சாதிக்கும் இதற்கும் இந்த வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறப்பே தடுத்த இடமும் ஒன்று உண்டு. நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அதுதான். உபாகமம் 23இல் 'மம்சேர்' என்று ஒரு வகை மனிதர். பத்தாம் தலைமுறை வரைக்கும் சபைக்குள் வரக் கூடாது, அதாவது மற்ற யூதர்களோடு மண உறவு கூடாது. பழைய தமிழ்ப் பைபிள் இந்தச் சொல்லைக் கூசாமல் 'வேசிப்பிள்ளை' என்று போட்டது. அது சரியில்லை. யூதச் சட்டத்தில் கல்யாணம் ஆகாத பெண்ணின் பிள்ளை மம்சேர் இல்லை. இன்னொருவன் மனைவியிடம் பிறந்த பிள்ளை, தகாத இரத்த உறவில் பிறந்த பிள்ளை, அப்புறம் இவர்களின் சந்ததி. தகப்பன் தாய் செய்ததற்குப் பிள்ளைக்குத் தண்டனை. மம்சேர் படித்தவனாக இருந்தால் படிக்காத தலைமைக் குருவைவிட அவனுக்கு முன்னிடம் என்று மிஷ்னா சொல்கிறதுதான். முன்னிடம் தருவான், பெண் தரமாட்டான். நமக்குத் தெரியாததா!

லேவியராகமத்துக்கான 'லேவியர் ரப்பா' என்ற மித்ராஷ் தொகுப்பு, சுமார் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் தானியேல் என்று ஒருவர் வருகிறார். பெயரோடு 'ரப்பி' பட்டம் கிடையாது, தொழில்தான் இருக்கிறது: தையல்காரர். பிரசங்கி புத்தகத்தில் ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரையும், ஒடுக்குகிறவர்கள் கையில் இருக்கும் பலத்தையும், தேற்றுவார் இல்லாததையும் பற்றி ஒரு வசனம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்கிறார் இந்தத் தையல்காரர். ஒடுக்கப்பட்டவர்கள் யார்? மம்சேர்கள். இவனுடைய அப்பன் தப்பு செய்தான், இவன் என்ன செய்தான்? சரி, ஒடுக்குகிறவர்கள் யார்? பார்வோனா, ரோமாபுரியா? இல்லை. இஸ்ரவேலின் மகா ஆலோசனைச் சங்கம்! தோராவின் பலத்தோடு வந்து அந்தச் சட்டத்தைக் காட்டி இவர்களைத் தள்ளிவைக்கிறார்கள் என்கிறார்.

இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மரபின் உள்ளே நின்று, அந்த மரபின் மிக உயர்ந்த நீதிமன்றத்தை ஒடுக்குகிறவர்கள் என்று பெயர் சொல்லி, அவர்கள் ஆயுதம் புனித நூல்தான் என்றும் சொல்லி, அதற்கு ஆதாரமாக இன்னொரு புனித வசனத்தையே காட்டுகிறான் ஒரு தொழிலாளி. அதைத் தொகுத்தவர்கள் அந்த ரப்பிகளே. வெட்டி எறியாமல் வைத்திருக்கிறார்கள். பார்வோனாகத் தங்களை வாசித்துக்கொண்டவர்கள் கிடையாது என்று மேலே சொன்னேன் இல்லையா, கிட்டத்தட்ட அப்படி ஒரு வாசிப்பு இங்கே கிடைத்துவிட்டது.

அப்புறம்? அடுத்த வரியில் கடவுள் பேசுகிறார்: தேற்ற வேண்டியது என் பொறுப்பு, இந்த உலகத்தில் இவர்களிடம் கசடு இருந்தாலும் வரப்போகும் உலகத்தில் எல்லாரும் சுத்தத் தங்கம். வரப்போகும் உலகத்தில்! சட்டம் அப்படியே இருந்தது. இன்றும் இஸ்ரேலில் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதர்களின் திருமணமும் மணமுறிவும் மத நீதிமன்றங்கள் கையில்தான் இருக்கின்றன, மம்சேர் தடை அங்கே செல்லும். தனித்தனி வழக்குகளில் ரப்பிகள் சந்து கண்டுபிடித்து விடுவித்திருக்கிறார்கள். 1972இல் ஷ்லோமோ கோரென் ஒரு அண்ணன் தங்கையை அப்படி விடுவித்தபோது பெரிய ரகளையே நடந்தது. அமெரிக்காவில் சீர்திருத்த யூதம் இந்தத் தடையையே விட்டுவிட்டது. கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 2000ஆம் ஆண்டில்தான், ஒருவர் மம்சேர் என்பதற்கு இனி எந்தச் சாட்சியத்தையும் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. தையல்காரர் கேட்டு ஏறக்குறைய 1,500 வருஷம் கழித்து. அதுவும் ஒரு பிரிவில்.

அவர் கேட்ட அதே கேள்வியைத் தல்மூதில் இன்னொருவரும் கேட்கிறார். அமலேக்கியரை ஆண், பெண், குழந்தை என்று விடாமல் அழிக்கச் சொல்லி சவுல் ராஜாவுக்குக் கட்டளை. பெரியவர்கள் பாவம் செய்தார்கள் என்றால் சிறுசுகள் என்ன பாவம் செய்தன என்று சவுல் கேட்பதாக யோமா பகுதி சொல்கிறது. மூலத்தில் இல்லாத கேள்வி, ரப்பிகள் அவன் வாயில் வைத்தது. ஆனால் வானத்திலிருந்து பதில் வருகிறது: ரொம்ப நல்லவனாக இருக்கப் பார்க்காதே. அடுப்புக் கதையில் வானத்தின் வாயை அடைத்தவர்கள் இந்த இடத்தில் சும்மா இருந்துவிட்டார்கள். 2023 அக்டோபர் 28ஆம் தேதி காசாவுக்குள் தரைப்படையை அனுப்பியபோது நெதன்யாகு அமலேக்கை நினைவுபடுத்திப் பேசினார். சர்வதேச நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில் அந்தப் பேச்சும் இடம் பெற்றது. காசாவில் செத்த குழந்தைகளின் எண்ணிக்கை நம் எல்லாருக்கும் தெரியும். சவுலின் கேள்வி அந்தப் புத்தகத்தில் அச்சாகித்தான் இருக்கிறது. ஒரு குண்டைக்கூட அது நிறுத்தவில்லை.

இந்த இடத்தில் தோழர் ஜெயித்துவிட்டார் என்றுதான் படும். அம்பேத்கரும் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் இதைத்தானே சொன்னார்: சாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை என்று இலக்கணம் காட்டி, வேறு விளக்கம் சொல்லிப் பயனில்லை. ஜனங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்களோ அதுதான் நடைமுறை. அதன் அதிகாரத்தையே மறுக்க வேண்டும். மனுவுக்கு மித்ராஷ் எழுதுகிற வேலை நமக்கு வேண்டாம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அதே அம்பேத்கர், தான் தேர்ந்துகொண்ட மரபில் என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டும். 1957இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், சித்தார்த்தன் கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்துத் துறவு போன கதையை அவர் ஏற்கவில்லை. இருபத்தொன்பது வயது வரை ஒருத்தன் இதையெல்லாம் பார்க்காமலா இருந்திருப்பான் என்று கேட்கிறார். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் நடந்த தகராறில், போர் வேண்டாம் என்று நின்றதால் வெளியேற நேர்ந்தது என்று கதையை எழுதுகிறார். விளிம்பில் நின்று ஒரு சந்தேகத்தைக் கேட்பது, அந்தச் சந்தில் நுழைந்து வேறு கதை சொல்வது. ரப்பிகள் செய்த அதே வேலை. வித்தியாசம் ஒன்று. அதிகாரம் யாருடையது என்பதை அவர் முதலில் தீர்த்துக்கொண்டார், விளக்கத்துக்கு அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். தையல்காரர் தானியேலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. விளக்கம் மட்டும்தான் அவர் கையில் இருந்தது, தீர்ப்பு எழுதும் பேனா சங்கத்தின் கையில்.

பைபிளை வைத்துக்கொண்டே இருக்கப் போகிற தலித் கிறித்தவத் தோழர்களுக்கு, நானும் அதில் ஒருவன், கேள்வி இங்கேதான் வருகிறது. நாம் யாத்திராகமத்தை விளக்குகிறோம். ஆயர் பேரவையிலும் சினாடிலும் கல்லறைக் கமிட்டியிலும் தீர்ப்பு எழுதுவது யார்? அந்தப் பேனா நம்ம கைக்கு வராத வரைக்கும் நம்ம பிரசங்கம் எல்லாம் வரப்போகும் உலகத்துத் தங்கம்தான்.

வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் ஆதியாகமம் 16ஐ எடுக்கிறோம். சாராள் தன் அடிமைப் பெண் ஆகாரைக் கொடுமைப்படுத்தி விரட்டிய அதிகாரம். 13ஆம் நூற்றாண்டில் ராம்பான் என்கிற நாமானிடஸ், நம் தாய் சாராள் அந்த இடத்தில் பாவம் செய்தாள், செய்யவிட்ட ஆபிரகாமும் பாவம் செய்தான் என்று நேராக எழுதியிருக்கிறார். கேள்வி கேட்ட தோழரும் வர்றதா சொல்லியிருக்கார். ஆகார் பக்கம் நின்று அவர்தான் பேசப் போறாராம்.